பத்தொன்பது அடிப் பெருமை

உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை பத்தொன்பது அடி இருக்குமானால் அது தாராளமான கூடம்தான். நிக்காஹ் பேச்சுக்கு இரு வீட்டாரும் வந்து அமர்ந்தாலும் இடம் மிஞ்சும். அதே பத்தொன்பது அடிக்கும் சற்றுக் கூடுதலான நீளத்தில், இரண்டேகால் டன்னுக்கு மேற்பட்ட எடையில், அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில் கார்கள் ஓடின. அவற்றில் பெரும்பாலான நாட்களில் பயணம் செய்தவர் ஒருவர். மிஞ்சிப் போனால் இருவர்.

காடிலாக், லிங்கன், இம்பீரியல் என்பன அக்கார்களின் பெயர்கள். அமெரிக்கச் செல்வந்தரின் வாசலில் அவற்றுள் ஒன்று நிற்பதே அவருடைய அந்தஸ்துக்குச் சாட்சி எனக் கருதப்பட்டது. ஆனால், 1970 முதல் 1980 வரையிலான பத்தே ஆண்டுகளில் அவற்றின் நீளமும் எடையும் எஞ்சினும் அடியோடு மாறிப்போயின. ஒன்று மறைந்தே போயிற்று. மற்ற இரண்டும் பிழைத்தன. எனினும் பழைய மதிப்பைக் காத்துக்கொள்ள அவை பெரும்பாடு பட்டன.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கார் வாங்கும் வசதி நமக்கு உண்டா இல்லையா என்பது வேறு செய்தி. ஒரு பொருளின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி குடிசையிலும் உண்டு, மாளிகையிலும் உண்டு. அக்கேள்விக்கு அந்தப் பத்தாண்டுகள் தந்த விடை நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

மதிப்பு வந்த வழி

காடிலாக் நிறுவனம் 1902ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் தோன்றியது. அந்நகரை 1701ஆம் ஆண்டில் நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரையே காருக்குச் சூட்டினார்கள். அந்நிறுவனத்தை வழிநடத்தியவர் ஹென்றி லீலண்ட் என்பவர். துப்பாக்கிப் பட்டறைகளிலும் நுண்கருவிப் பட்டறைகளிலும் தொழில் பயின்ற அவர், மயிரிழைப் பிசகையும் பொறுக்காதவர்.

1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடைபெற்றது. மூன்று காடிலாக் கார்களைக் கொண்டுவந்து, கடைசித் திருகாணி வரை பிரித்துப் போட்டார்கள். மூன்றின் உறுப்புகளையும் ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றுள் 89 உறுப்புகளை எடுத்துவிட்டுக் கிடங்கிலிருந்த புதியவற்றை வைத்தார்கள். பின்னர் சாதாரணக் கருவிகளைக் கொண்டே மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி, ப்ரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திய காலம் அது. ஒரு காரின் உறுப்பு இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தும் என்பதைப் பலர் நம்பவே இல்லை. கண்ணால் கண்டபின் நம்பினார்கள். காடிலாக்குக்கு டூவர் கோப்பை வழங்கப்பட்டது. கைப்பிடியைச் சுற்றிக் கை ஒடிந்துபோகும் துன்பத்தை நீக்கிய மின்சார ஸ்டார்ட்டரும் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில்தான் வந்தது.

1909ஆம் ஆண்டில் காடிலாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அங்கிருந்து 1917ஆம் ஆண்டில் வெளியேறிய லீலண்ட், லிங்கன் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதனை 1922ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் வாங்கிற்று. ஆக, பிற்காலத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு பெரும் கார்களும் ஒரே மனிதரின் கையில் பிறந்தவையே.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் தேடித்தந்த மதிப்பு நீளத்தால் வந்ததன்று. அளவு தவறாத வேலையால் வந்தது. சொன்னதைச் செய்து காட்டியதால் வந்தது. நம் வழக்கில் சொல்வதானால், அமானிதத்தைப் பேணியதால் வந்தது.

படிக்கட்டின் உச்சி

1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் தம் கார்களைப் படிக்கட்டு போல் அடுக்கினார். கீழ்ப்படியில் ஷெவர்லே, அதன்மேல் பான்டியாக், பிறகு ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், உச்சியில் காடிலாக். வருமானம் உயர உயர மனிதன் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பது கணக்கு. வாங்கிய கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பழசாகிவிட்டது என்று அவனுக்குத் தோன்ற வேண்டுமல்லவா? அதற்காக ஆண்டுதோறும் உருவத்தை மாற்றினார்கள். 1959ஆம் ஆண்டுக் காடிலாக்கின் பின்புறத்தில், மீனின் துடுப்பைப்போல் இரு தகடுகள் உயர்ந்து நின்றன. அவற்றால் காரின் ஓட்டத்துக்குப் பயனேதும் இல்லை. பார்ப்பவர் வியக்க வேண்டும், அவ்வளவே.

துடுப்புகள் பின்னர் மறைந்தன. பருமன் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1970ஆம் ஆண்டில் காடிலாக் எல்டொராடோவுக்கு 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 800 சி.சி. எஞ்சினுள்ள சிறு கார்கள் பத்தினை ஒன்று சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. அதன் ஆற்றல் 400 குதிரைத்திறன் என விளம்பரம் செய்யப்பட்டது. இத்தகைய கார்கள் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் ஓடின. அதைப்பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஏறத்தாழ 3.8 லிட்டர் கொண்ட ஒரு காலன் பெட்ரோல் அன்று 36 சென்ட் அளவில்தான் விற்றது. குழாயைத் திறந்தால் நீர் வருவதுபோல் பெட்ரோல் என்றும் வரும் என எண்ணியிருந்தார்கள்.

மாற்றத்தின் முதல் அடி சட்டத்தின் வடிவில் வந்தது. கார்ப் புகையால் நகரங்களின் காற்று நஞ்சாகிக்கொண்டிருந்தது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கிற்று. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடுவதற்கு ஏற்ப 1971ஆம் ஆண்டு மாடல்களில் எஞ்சினின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். மறு ஆண்டில் குதிரைத்திறனை அளக்கும் முறையும் மாறியது. அதுவரை எஞ்சினைத் தனியே மேடையில் நிறுத்தி, விசிறி, சைலன்சர் முதலிய சுமைகளைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். இனி, காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பூட்டி அளக்க வேண்டும் என்றாயிற்று. அதே 8.2 லிட்டர் எஞ்சினுக்கு இப்போது 235 என்று எழுத நேர்ந்தது. 400க்கும் 235க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி எஞ்சினின் ஆற்றல் உண்மையிலேயே குறைந்ததால் வந்தது. மற்றொரு பகுதி தராசு நேராக்கப்பட்டதால் வந்தது.

1973ஆம் ஆண்டில், மெதுவான மோதலில் கார் சேதமடையாதிருக்க உறுதியான பம்பர் வேண்டும் என்ற விதி வந்தது. கனமான பம்பர்களால் கார்கள் மேலும் நீண்டன, மேலும் கனத்தன. இப்படி எல்லாத் திசையிலும் பருத்து நின்ற வேளையில்தான் எவரும் எதிர்பாராத அந்தச் செய்தி வந்தது.

ரமளானில் தொடங்கிய மாற்றம்

ஹிஜ்ரி 1393, ரமளான் பிறை 10. ஆங்கில நாள் 1973 அக்டோபர் 6. எகிப்தும் சிரியாவும் தாம் இழந்த மண்ணை மீட்கப் போரில் இறங்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதங்களை அனுப்பிற்று. அதைக் கண்ட அரபு நாடுகள், எண்ணெய் உற்பத்தியைக் குறைப்பதென அக்டோபர் 17ஆம் நாள் முடிவு செய்தன. சில நாட்களில், மன்னர் பைசலின் சவூதி அரேபியா உட்பட, அவை அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதையே நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெயின் விலை, 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டிற்று.

அமெரிக்க மக்கள் அதுவரை கண்டிராத காட்சியைக் கண்டார்கள். பெட்ரோல் பங்குகளின் முன் தெருமுனை தாண்டிக் கார்கள் வரிசையில் நின்றன. பல பங்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டன. சில மாநிலங்களில், கார் எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஒரு நாள், இரட்டைப்படையானால் மறுநாள் என முறைவைத்துப் பெட்ரோல் வழங்கினார்கள். நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் 1974 ஜனவரி 2ஆம் நாள் கையெழுத்திட்டார். பத்தொன்பது அடிக் காரின் உரிமையாளரும் அந்த வரிசையில் நின்றார். பழைய சிறு காரின் உரிமையாளரும் நின்றார். வேறுபாடு என்னவெனில், முன்னவர் விரைவிலேயே மீண்டும் வரிசைக்கு வர வேண்டியிருந்தது.

1974 மார்ச்சில் அமெரிக்கா மீதான தடை நீங்கியது. விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. டெட்ராய்ட்டையும் அதை அடுத்த ஊர்களையும் வளர்த்த கைகளில் முஸ்லிம்களின் கைகளும் இருந்தன. ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை தேடி லெபனான், சிரியா நாட்டு முஸ்லிம்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு குடியேறினார்கள். அத்தொழிற்சாலை இருந்த ஹைலண்ட் பார்க்கில் 1921ஆம் ஆண்டிலேயே ஒரு பள்ளிவாசல் எழுந்தது. பின்னர் டியர்பார்னில் ஃபோர்டின் மாபெரும் ரூஜ் தொழிற்சாலை வந்தபோது, அதன் நிழலில் முஸ்லிம் குடியிருப்பும் பள்ளிவாசலும் வளர்ந்தன. யெமன் நாட்டு இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். எண்ணெயை நிறுத்தியது அவர்களுடைய தாயகங்களை அடுத்த நாடுகள். அதனால் தொழில் தளர்ந்தபோது அந்தச் சுமை விழுந்த தோள்களில் அவர்களுடைய தோள்களும் இருந்தன. 1974ஆம் ஆண்டு முடிந்து 1975 பிறந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட கார்த் தொழிலாளர்கள் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அரசுகள் எடுக்கும் முடிவின் விலையைக் கூலித் தொழிலாளியின் அடுப்பு கொடுக்கிறது என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும் உண்மை.

சுருங்கத் துணிந்த கார்

அடி விழுந்ததும் முதலில் சாய்ந்தது இம்பீரியல். கிறைஸ்லர் நிறுவனத்தின் உயர்ந்த கார் அதுவே. 1975 ஜூன் மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. கிட்டத்தட்ட அதே உருவம், மறு ஆண்டில் நியூயார்க்கர் என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது! உருவம் அதேதான், பெயர் மாறியதும் விலையும் இறங்கியது. எனின், மக்கள் அதுவரை எதற்கு விலை கொடுத்தார்கள்? வாசகர்கள் சிந்திக்கட்டும்.

காடிலாக் வேறு வழி சென்றது. 1975 மே மாதத்தில் செவில் என்ற காரை வெளியிட்டது. நீளம் 17 அடி. அந்நிறுவனத்தின் வழக்கமான கார்களைவிட இரண்டு அடிக்கு மேல் குறைவு. எடையில் ஏறத்தாழ 450 கிலோ குறைவு. எஞ்சின் 5.7 லிட்டர், மின்னணு முறையில் அளந்து பெட்ரோலைச் செலுத்தும் அமைப்பு அதிலிருந்தது. ஆனால் விலையோ 12,479 டாலர். நீண்ட லிமோசின் வகையை விட்டுவிட்டால், காடிலாக்கின் கார்களிலேயே விலை கூடியது இந்தச் சிறிய கார்தான். சிறியது மலிவானது, பெரியது உயர்ந்தது என்று அரை நூற்றாண்டாக மக்களுக்குக் கற்பித்த நிறுவனமே அப்பாடத்தை மாற்றி எழுத நேர்ந்தது.

அதற்குக் காரணம் எண்ணெய் மட்டுமன்று. ஜெர்மனியிலிருந்து வந்த மெர்சிடிஸ் பென்ஸ், அளவில் சிறியதாயிருந்தும் காடிலாக்கைவிட அதிக விலைக்கு விற்றது. கதவு மூடும் உறுதி, வளைவில் தடுமாறாத ஓட்டம், ஆண்டுகள் கடந்தும் தளராத உடல் ஆகியவற்றுக்காகப் படித்த செல்வர்கள் அதை நாடினார்கள். அதாவது, 1908ஆம் ஆண்டில் காடிலாக் எதற்காகக் கோப்பை வாங்கியதோ, அதே குணத்தைக் கொண்டு வேறொருவர் காடிலாக்கின் வாசலிலேயே கடைவிரித்தார்.

கடைசி என்று சொல்லி விற்றது

இதற்கிடையே ஒரு சிறு நாடகமும் நடந்தது. மடக்கும் கூரையுள்ள கார்களை வாங்குவோர் குறைந்துவந்தனர். புதிய பாதுகாப்பு விதிகளால் அவை தடைப்படலாம் என்ற அச்சமும் இருந்தது. 1976ஆம் ஆண்டின் எல்டொராடோவே அமெரிக்காவின் கடைசி மடக்குக் கூரைக் கார் என விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் டெட்ராய்ட் தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறிற்று. அவ்வாண்டு செய்யப்பட்ட 14,000 கார்களையும் மக்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள். வாங்கியவர் எல்லாரும் ஓட்டுவதற்கு வாங்கவில்லை. விலை பன்மடங்கு ஏறும், அப்போது விற்கலாம் என்று துணிபோர்த்திப் பூட்டி வைத்தவர்கள் பலர்.

1984ஆம் ஆண்டு மாடலாகக் காடிலாக் நிறுவனமே மீண்டும் மடக்குக் கூரைக் காரைக் கொண்டுவந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று சிலர் நீதிமன்றம் வரை சென்றனர். பயன்படுத்தும் பொருளைப் பதுக்கிவைத்துப் பலன் காண நினைத்தவர்களுக்கு, பூட்டிய கொட்டகைதான் மிஞ்சிற்று.

1977: பருமன் குறைந்தது, பயன் குறையவில்லை

1975ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ், 1978ஆம் ஆண்டில் காலனுக்கு 18 மைலாகவும் 1985ஆம் ஆண்டில் 27.5 மைலாகவும் உயர வேண்டும் என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்பே தன் பெரிய கார்களைச் சுருக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. காடிலாக்கின் 75ஆம் ஆண்டான 1977இல் அதன் வழக்கமான கார்கள் புதிய உருவில் வந்தன. நீளம் 9 அங்குலத்துக்கு மேல் குறைந்தது. எடை 400 கிலோவுக்கு மேல் குறைந்தது. 8.2 லிட்டர் எஞ்சின் போய் 7 லிட்டர் எஞ்சின் வந்தது.

விற்பனையாளர்கள் அஞ்சினார்கள். இத்தனை விலை கொடுப்பவர் சிறிய காரையா வாங்குவார் என்று கேட்டார்கள். நடந்தது என்ன? அவ்வாண்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட காடிலாக் கார்கள் விற்றன. அந்நிறுவனம் அதுவரை கண்டிராத விற்பனை அது! காரணத்தைத் தேடினால் எளிதாக விளங்கும். வெளியே குறைத்தவர்கள் உள்ளே குறைக்கவில்லை. அமர்பவரின் தலைக்கும் காலுக்கும் இடம் இருந்தது. டிக்கியில் பெட்டிகளுக்கு இடம் இருந்தது. நீக்கப்பட்டவை எவருக்கும் பயன்படாமல் முன்னும் பின்னும் நீண்டுகிடந்த இரும்புதான். 1979ஆம் ஆண்டில் எல்டொராடோவும் 20 அங்குலம் சுருங்கியது. அதற்கும் நல்ல வரவேற்பு.

நம் மார்க்கம் வீண்விரயத்தைக் கண்டிக்கிறது; கஞ்சத்தனத்தையும் கண்டிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நடுநிலையைப் போற்றுகிறது. பயனைக் காத்துப் பகட்டை மட்டும் வெட்டினால் இழப்பு வராது என்பதற்கு அந்த ஓராண்டுக் கணக்கே சான்றாக நிற்கிறது.

மேலே காய்ந்தது, அடியில் ஈரம்

லிங்கன் மாறவில்லை. 1979ஆம் ஆண்டு வரை அதன் கான்டினென்டல் 19 அடிக்கு மேல் நீண்டே நின்றது. மார்க் 5 என்ற காரும் ஏறத்தாழ அதே நீளம். காடிலாக் சுருங்கிவிட்டதே என்று மனம் வாடியவர்கள் லிங்கனை நாடி வந்தார்கள், விற்பனை செழித்தது. பருமனின் மீதான ஆசை ஒரு நெருக்கடியில் மாய்ந்துவிடுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டில் லிங்கனும் சுருங்க நேர்ந்தது. நாடு மீண்டும் எண்ணெய் நெருக்கடியில் தவித்த காலம் அது. விற்பனை வெகுவாகச் சரிந்தது.

செவிலுக்குப் போட்டியாக 1977ஆம் ஆண்டில் வெர்சைல்ஸ் என்ற சிறிய காரை லிங்கன் இறக்கியிருந்தது. அது புதிதாக வடிவமைக்கப்பட்டதன்று. ஃபோர்டு கிரனாடா, மெர்குரி மோனார்க் என்ற சாதாரணக் கார்களையே எடுத்து, முகப்பையும் டிக்கி மூடியையும் மாற்றி, உயர்ந்த இருக்கைகளும் பளபளப்பும் சேர்த்து, இருமடங்குக்கும் மேற்பட்ட விலை வைத்தார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தவர் எவருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. 1980ஆம் ஆண்டுடன் அக்கார் நின்றுபோயிற்று.

இதைவிட வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் 1977இல் வெளிப்பட்டது. படிக்கட்டில் ஷெவர்லேக்கு மேலே இருந்த ஓல்ட்ஸ்மொபைலை வாங்கிய சிலர், பழுதுபார்க்கக் கொண்டுசென்றபோது உள்ளே ஷெவர்லே எஞ்சின் இருப்பதைக் கண்டார்கள். ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின்கள் போதாமையால் நிறுவனம் அவ்வாறு செய்திருந்தது. எஞ்சின் கெட்டதன்று. ஆனால், வாங்குவோருக்குச் சொல்லவில்லை. வழக்குகள் எழுந்தன, நிறுவனம் இழப்பீடு தர நேர்ந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டிய செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அண்ணலார் கேட்டதன் கருத்து. நனைந்தது குற்றமென்று அவர்கள் சொல்லவில்லை, மறைத்ததைத்தான் கண்டித்தார்கள். இன்னொரு காரின் எஞ்சினைப் பொருத்தியது பெரிய பிழையன்று. அதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டதே பிழை.

அவசரத்தின் விலை

1979ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி வெற்றி பெற்றது. அதைத் தொடர்ந்து கச்சா எண்ணெய் மீண்டும் ஏறி, 1980ஆம் ஆண்டில் பீப்பாய் 30 டாலரைக் கடந்தது. பெட்ரோல் பங்குகளின் முன் மீண்டும் வரிசைகள் நின்றன. கிறைஸ்லர் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. அரசு 150 கோடி டாலர் கடனுக்குப் பிணை நின்றதால்தான் கரையேறிற்று.

அந்நாளில் காடிலாக் நம்பியிருந்தது டீசலை. டீசல் எஞ்சின் குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடும் என்பது உண்மை. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு, தன் பெட்ரோல் எஞ்சினின் அமைப்பைத் தழுவி 5.7 லிட்டர் டீசல் எஞ்சினை உருவாக்கி, 1978ஆம் ஆண்டு மாடல்களில் வெளியிட்டது. 1980ஆம் ஆண்டின் செவிலுக்கு டீசலே இயல்பான எஞ்சின் என அறிவித்தார்கள்.

டீசல் எஞ்சினுக்குள் அழுத்தம் மிக அதிகம். அதன் தலைப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் அதற்கேற்ற எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இங்கோ பெட்ரோல் எஞ்சினின் போல்ட்டு அமைப்பையே வைத்துக்கொண்டார்கள். பல எஞ்சின்களில் போல்ட்டுகள் இளகின அல்லது முறிந்தன. இடையிலுள்ள கேஸ்கட் கிழிந்து, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் புகுந்தது. டீசலில் கலந்துவரும் தண்ணீரைப் பிரிக்கும் கருவியும் வைக்கப்படவில்லை. அதனால் எரிபொருளைச் செலுத்தும் பம்ப் துருப்பிடித்துக் கெட்டது. டீசலில் பழக்கமில்லாத ஒர்க்ஷாப்புகள் செப்பனிடத் தடுமாறின. 1985ஆம் ஆண்டுடன் அந்த எஞ்சின் நின்றது. ஆனால், டீசல் கார் என்றாலே அமெரிக்கர் முகம் சுளிக்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

1981ஆம் ஆண்டில் இன்னொரு முயற்சி. தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும் எஞ்சின் வந்தது. கருத்து நல்ல கருத்துதான். பிற்காலத்தில் பல நிறுவனங்கள் அதை வெற்றியுடன் பயன்படுத்தின. அன்றைய மின்னணுக் கருவிகள் அதற்குத் தயாராக இருக்கவில்லை. கார் திணறியது, வாங்கியவர்கள் சலித்தார்கள். ஓராண்டிலேயே பெரும்பாலான மாடல்களில் கைவிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். 1908ஆம் ஆண்டில் தன் கார்களைக் கடைசித் திருகாணி வரை பிரித்துக் காட்டத் துணிந்த பெயர் அது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், அதே பெயர் தாங்கிய கார்களின் எஞ்சினில் போல்ட்டுகள் முறிந்தன. எண்ணெய்த் தடையால் காடிலாக் தன் பருமனை இழந்தது; அதை மக்கள் மன்னித்தார்கள், 1977இல் கொண்டாடவும் செய்தார்கள். அவசரத்தால் அது இழந்த நம்பிக்கையை மீட்க மட்டும் பல்லாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் ஜெர்மானியர் வேரூன்றினார்கள். 1989ஆம் ஆண்டில் ஜப்பானியரின் லெக்சஸும் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது.

நம் கூடத்துக்குத் திரும்புவோம்

கதை அத்துடன் முடியவில்லை. பெட்ரோல் மலிந்தபோது பருமனும் திரும்பி வந்தது. 1999ஆம் ஆண்டு மாடலாகக் காடிலாக் எஸ்கலேட் என்ற உயரமான கார் வந்தது. 2021ஆம் ஆண்டு மாடலில் அதன் நீண்ட வகை ஏறத்தாழ பத்தொன்பது அடியை எட்டிவிட்டது! அதேவேளை அதே நிறுவனம் பெட்ரோலே தேவைப்படாத மின்சாரக் கார்களையும் செய்கிறது. மனிதன் மறதியுடையவன், ஆயினும் கற்றுக்கொள்ளக் கூடியவன்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம்மில் எவரும் எட்டுச் சிலிண்டர் கார் வாங்கப் போவதில்லை. ஆனாலும், வண்டி வாங்கும்போதும், வீடு கட்டும்போதும், மணவிருந்துக்குப் பட்டியல் போடும்போதும் அந்தப் பத்தொன்பது அடி நம் மனத்துக்குள் நீண்டுகொண்டே போகிறது. பக்கத்து வீட்டாரின் கண்ணுக்காக வாங்கிய பொருளுக்கு, நாம் வட்டியோடு தவணை கட்டும் நிலையும் வந்துவிடுகிறது. நெருக்கடி வரும்போது எதைக் குறைப்பது என்றறியாமல் பிள்ளையின் படிப்பிலும் பெற்றோரின் மருந்திலும் கை வைக்கிறோம்.

குறைக்க வேண்டியது முன்னும் பின்னும் பயனின்றி நீண்டுகிடக்கும் இரும்பை. குறைக்கக் கூடாதது உள்ளே அமர்ந்திருப்போரின் இடத்தை. எந்நிலையிலும் இளகவிடக் கூடாதது போல்ட்டுகளை. அதாவது நம் சொல்லின் உறுதியை, நம் வேலையின் நேர்மையை. பெரிய வீட்டுப் பிள்ளை என்ற பெயர் ஒரு நட்டத்தில் போய்விடும். சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயர் ஒருவருடைய மறைவுக்குப் பின்னும் அவர் பிள்ளைகளுக்கு வாசல்களைத் திறந்துவிடும்.

பகட்டின் நீளத்தைச் சுருக்கி, பயனின் பரப்பை விரித்து, அமானிதம் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.